முதல் பெண்ணுக்கு கைதட்டியாச்சு, ரெண்டாவது பெண் எங்கே?

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. பெங்களூர் ஆபீஸ்ல ஆணி புடுங்கவே நேரம் சரியா இருக்கு, இதுல எங்க எழுதுறது. ஆனா ரெண்டு வாரமா ஒரு விஷயம் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. எழுதித் தொலைச்சாதான் தூக்கம் வரும்னு ஆயிடுச்சு. டென்னிஸ் பத்தின பதிவு. "எனக்கு டென்னிஸே தெரியாதே"ன்னு ஓடிடாதீங்க. உங்களுக்கும் சேர்த்துதான் எழுதுறேன்.

முதல்ல எங்க ஊரப் பத்தி சொல்லிடறேன். திருநள்ளாறு. சனிக்கிழமை ஆச்சுன்னா எங்க தெருவுல நடக்க முடியாது. எங்கெங்கேருந்தோ பஸ், வேன் புடிச்சு வருவாங்க. நளதீர்த்தத்துல எண்ணெய் தேய்ச்சு முழுகி, எள் தீபம் போட்டு, தர்பாரண்யேஸ்வரரைப் பார்த்துட்டு, சனி பகவானைக் கும்பிட்டுட்டுப் போவாங்க. சூதாட்டத்துல நாட்டையே தோத்த நள மகாராஜாவுக்கு சனி விலகினது இங்கதான்னு ஐதீகம்.

இந்த ஊர்ல பொறந்தவனுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. எது தப்பாப் போனாலும் காரணம் தேட வேண்டாம். ப்ரமோஷன் வரலையா? ஏழரை. பொண்ணு அமையலையா? அஷ்டமம். கோடு கம்பைல் ஆகலையா? அர்த்தாஷ்டமம் :-) நானும் சாமி கும்பிடறவன்தான், கிண்டல் பண்ணல. ஆனா சில விஷயங்களை சனி மேல போட்டுட்டு நாம தப்பிச்சுக்கறோம். இந்தப் பதிவு அதைப் பத்திதான்.

2023 ஜூலை 15. சனிக்கிழமை. விம்பிள்டன் பெண்கள் இறுதிப் போட்டி. வீட்டு ஹால்ல நானு, என் தங்கச்சி, அம்மா. வாட்ஸ்அப் வீடியோவுல பாரிஸ்லேருந்து பெரியப்பா. (எங்க தாத்தா பிரெஞ்சு ராணுவத்துல இருந்த சொல்தா. காரைக்கால் பக்கம் தெருவுக்கு ஒரு குடும்பம் இப்படி இருக்கும்.) பெரியப்பாவுக்கு டென்னிஸ்னா உயிர். ஆடினது துனிசியாவோட ஓன்ஸ் ஜபேரும் செக் நாட்டோட மார்கெட்டா வோண்ட்ரோசோவாவும். நாங்க எல்லாரும் ஜபேர் கட்சி. கால் இறுதியில ரைபாகினா, அரை இறுதியில சபலென்கான்னு ரெண்டு மலையைத் தாண்டி வந்த பொண்ணு, தரவரிசைச் சலுகைகூட இல்லாம வந்த ஒருத்தர்கிட்ட 4-6, 4-6ன்னு தோத்துப் போச்சு. பரிசளிப்புல அது அழுத அழுகை இருக்கே, அம்மா டிவியை அணைச்சுடுன்னு சொல்லிட்டாங்க.

அது அவங்களுக்கு மூணாவது கிராண்ட்ஸ்லாம் இறுதித் தோல்வி. 2022 விம்பிள்டன்ல முதல் செட்டை 6-3ன்னு எடுத்துட்டு ரைபாகினாகிட்ட விட்டாங்க. அதே வருஷம் அமெரிக்க ஓப்பன்ல இகா ஸ்வியாடெக்கிட்ட.

பெரியப்பா பிரான்ஸ்ல நாப்பது வருஷம் இருந்தாலும் ஊர்ப் புத்தி போகுமா? "தம்பி, கவனிச்சியா? மூணு பைனலும் சனிக்கிழமை! அந்தப் பொண்ணை ஒரு தரம் நம்ம ஊருக்கு வரச் சொல்லி தீர்த்தத்துல முழுகச் சொல்லணும்"ன்னார். நாங்க சிரிச்சோம். தங்கச்சி மட்டும் சிரிக்கல. "பெரியப்பா, 2022 மே மாசம் மாட்ரிட்ல ஜெசிகா பெகுலாவை அடிச்சு பட்டம் வாங்கினாங்கல்ல, அதுவும் சனிக்கிழமைதான்"ன்னா. பெரியப்பா கப்சிப்.

அந்த நிமிஷம் எனக்கு ஒண்ணு உறைச்சது. எங்க வீட்டுல டென்னிஸ் உண்மையிலேயே தெரிஞ்ச ஆள் என் தங்கச்சிதான். அவ ஏன் ஆடறதை நிறுத்தினாங்கறது எனக்குத் தெரியும். அதுக்குக் கடைசியில வர்றேன்.

*

ஜபேரைப் பத்தி சுருக்கமா. 1994ல துனிசியாவுல க்ஸார் ஹெலால்ங்கற ஊர்ல பொறந்தவங்க. மூணு வயசுல அம்மா சமீராதான் டென்னிஸுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. 2011ல பிரெஞ்சு ஓப்பன் ஜூனியர் பட்டம். உடனே எல்லாம் நடந்துடல. முதல் நூறு பேருக்குள்ள வர்றதுக்கு 2017 ஆச்சு. ஆறு வருஷம்! 2020 ஆஸ்திரேலிய ஓப்பன்ல கால் இறுதி. எந்த கிராண்ட்ஸ்லாம்லயும் அது வரைக்கும் போன முதல் அரபுப் பெண். 2021ல பர்மிங்காம்ல முதல் பட்டம். 2022 ஜூன்ல உலகத் தரவரிசை 2. டிராப் ஷாட் போட்டாங்கன்னா எதிராளி ஓடி வர்றதுக்குள்ள பந்து ரெண்டு தரம் குதிச்சுட்டு உட்கார்ந்திருக்கும். துனிசியாவுல செல்லப் பேரு 'மகிழ்ச்சித் துறை அமைச்சர்'. 2025 ஜூலையில, கோர்ட்ல சந்தோஷமே இல்ல, கொஞ்ச நாள் ஒதுங்கறேன்னு சொல்லிட்டு விலகினாங்க. அதே வருஷம் நவம்பர்ல அம்மாவாகப் போற சேதி சொன்னாங்க.

சரி, துனிசியாக்காரங்க கதை நமக்கு எதுக்கு?

நம்ம ஊர்லயும் ஒருத்தங்க இருந்தாங்க. இப்பவும் இருக்காங்க. நிருபமா வைத்தியநாதன். என் ஆபீஸ்ல மதியச் சாப்பாட்டு டேபிள்ல ஏழு பேரைக் கேட்டேன். நாலு பேர் தமிழ்நாடு, அதுல ரெண்டு பேர் கோயம்புத்தூர். ஒருத்தருக்கும் தெரியல. "சானியாவுக்கு முன்னாடி யாராவது இருந்தாங்களா?"ன்னு கேட்டான் ஒருத்தன். நானும் பெரிய யோக்கியன் இல்ல. தங்கச்சி சொல்லித்தான் எனக்கே தெரியும்.

நிருபமா 1976 டிசம்பர்ல கோயம்புத்தூர்ல பொறந்தவங்க. அப்பா கே.எஸ். வைத்தியநாதன் கிரிக்கெட் ஆடினவர். அவர்தான் கோச். அண்ணன்கூட சேர்ந்து சின்ன வயசுலயே ராக்கெட் புடிச்சாச்சு. அந்தக் காலத்துல ஒரு பொண்ணு டென்னிஸைத் தொழிலா எடுத்துக்கிட்டா என்ன வழின்னு சொல்ல இந்தியாவுல ஆள் கிடையாது. ஃபேக்ஸ் அனுப்பி போட்டிக்குப் பேர் கொடுத்த காலம். கூகுள் மேப் இல்ல, வாட்ஸ்அப் இல்ல. கையில இருக்கற காசுக்கு எத்தனை வாரம் தாங்கும்னு கணக்குப் போட்டு ஐரோப்பாவுல சின்னச் சின்னப் போட்டியா ஆடணும்.

அப்படி ஆடி ஆடி, 1998 ஜனவரியில மெல்போர்ன். ஆஸ்திரேலிய ஓப்பன் முதல் சுற்று. இத்தாலியோட குளோரியா பிட்சிகினியை ஜெயிச்சாங்க. கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரிவுல ஒரு இந்தியப் பெண், தொழில்முறை ஆட்டக்காரங்களுக்கும் கதவு திறந்த 1968க்கு அப்புறம், ஜெயிச்ச முதல் ஆட்டம் அதுதான். அதுக்கும் முன்னாடி பார்த்தா 1934ல விம்பிள்டன்ல லீலா ராவ் ஒரு ஆட்டம் ஜெயிச்சிருக்காங்க. நடுவுல அறுபத்து நாலு வருஷம். யோசிச்சுப் பாருங்க.

அதே வருஷம் டிசம்பர்ல பாங்காக் ஆசிய விளையாட்டுல மகேஷ் பூபதியோட கலப்பு இரட்டையர்ல வெண்கலம். 2000 சிட்னி ஒலிம்பிக்ல மனிஷா மல்ஹோத்ராவோட இரட்டையர். முதல் சுற்றுலயே உள்ளூர் ஆஸ்திரேலிய ஜோடிகிட்ட தோல்வி. ஒற்றையர்ல அவங்களோட உச்சத் தரவரிசை 134. கல்யாணம், அமெரிக்கா. முடிஞ்சுதுன்னு நினைச்சா, 2010ல, முப்பத்து மூணு வயசுல, அம்மாவான பிறகு திரும்ப வந்து டெல்லி காமன்வெல்த் போட்டியில நிருபமா சஞ்சீவ்ங்கற பேர்ல இந்தியாவுக்கு ஆடினாங்க. 2013ல 'தி மூன்பாலர்'னு சுயசரிதை எழுதினாங்க. மூன்பால்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: பந்தை நல்லா உசரத் தூக்கி, எதிராளியோட பின் கோட்டுக்குப் பக்கத்துல போய் விழற மாதிரி அடிக்கறது. பார்க்க அழகா இருக்காது. எதிராளிக்குப் பொறுமை போயிடும். ஒரு பந்தையும் விடாம திருப்பி அனுப்பிக்கிட்டே இருக்கறவங்களோட ஆயுதம். புத்தகத்துக்கு அதைவிடப் பொருத்தமான பேர் கிடைக்காது.

இப்ப கலிபோர்னியாவுல டென்னிஸ் அகாடமி நடத்தறாங்க. அவங்க தட்டுத் தடுமாறிக் கத்துக்கிட்டதெல்லாம் அந்த ஊர்ப் பிள்ளைங்களுக்குக் கிடைக்குது. அவங்களைக் குறை சொல்லல. என் பெரியப்பா பாரிஸ்ல, நான் பெங்களூர்ல. ஊரை விட்டுப் போனவன் ஊரை விட்டுப் போனவங்களைப் பேசக்கூடாது. ஆனா கணக்குன்னு ஒண்ணு இருக்குல்ல?

*

இப்ப ஒரு ஒப்பீடு. எனக்கு தூக்கம் போனது இதுலதான்.

துனிசியாவுல ஜபேருக்கு முன்னாடி செலிமா ஸ்ஃபார்னு ஒருத்தங்க. 1977 ஜூலையில பொறந்தவங்க. நம்ம நிருபமாவைவிட ஏழு மாசம் சின்னவங்க, அவ்ளோதான். இவங்களும் சின்ன வயசுலயே ஊரை விட்டு பிரான்சுக்குப் போய்த்தான் பயிற்சி எடுத்தாங்க. 2001ல தரவரிசை 75. முதல் நூறுக்குள்ள வந்த முதல் அரபுப் பெண்.

ஆக 2001 வாக்குல நிலவரம் என்ன? துனிசியாவுக்கு ஒரு 'முதல் பெண்'. தமிழ்நாட்டுக்கு ஒரு 'முதல் பெண்'. ரெண்டு பேரும் ஒரே வயசு. ரெண்டு பேருமே ஊர்ல வழி இல்லாம வெளிநாட்டுல போய் முட்டி மோதினவங்க. துனிசியா ஜனத்தொகை இன்னைக்கு சுமார் 1.2 கோடி. தமிழ்நாடு 2011 கணக்குப்படியே 7.2 கோடி. பந்தயம் கட்டச் சொன்னா நீங்க யார் மேல கட்டியிருப்பீங்க?

இருபது வருஷம் கழிச்சு அங்கேருந்து உலக நம்பர் 2 வந்துச்சு. இங்கேருந்து?

சானியா மிர்சாவை மறக்கல. 2005ல ஹைதராபாத்ல பட்டம், 2007ல ஒற்றையர் தரவரிசை 27, இரட்டையர்ல உலக நம்பர் 1, மொத்தம் ஆறு கிராண்ட்ஸ்லாம் பட்டம். தலைவணங்கறேன். ஆனா இன்னைக்கு வரைக்கும் ஒற்றையர்ல முதல் நூறுக்குள்ள வந்த இந்தியப் பெண் சானியா ஒருத்தர் மட்டும்தான். அவங்களுக்கு அப்புறம் அங்கிதா ரெய்னா 160, கர்மன் கவுர் தாண்டி 196 வரைக்கும் வந்தாங்க. தமிழ்நாட்டுலேருந்து பார்த்தா நிருபமாவோட 134ஐ இன்னும் யாரும் தொடல.

"நூறு என்ன பெரிய நூறு"ன்னு கேக்கறவங்களுக்கு. கிராண்ட்ஸ்லாம்ல ஒற்றையர் ஆட 128 இடம். அதுல 104 இடம் தரவரிசைப்படி நேரா போறது. மீதி தகுதிச் சுற்றுக்கும் வைல்டு கார்டுக்கும். 2022 விம்பிள்டன்ல முதல் சுற்றுல தோத்தாலே 50,000 பவுண்டு கையில வந்தது. கோச்சுக்கும் டிக்கெட்டுக்கும் வழி பொறந்துடும். நூறுக்குள்ள இருந்தா அது தொழில். நூத்து ஐம்பதுல இருந்தா அது வீட்டுக் காசைக் கரைக்கிற வேலை.

கீழ்ப் படிக்கட்டைப் பாருங்க. பெண்கள் டென்னிஸ்ல அடிமட்டம் 15 ஆயிரம் டாலர் போட்டி. 15 ஆயிரம்னா மொத்தப் பரிசுத் தொகை. பட்டமே ஜெயிச்சாலும் கையில வர்றது 2,000 டாலர் சொச்சம். முதல் சுற்றுல தோத்தா 150 டாலர் பக்கம். இதுல விமானம், தங்கறது, சாப்பாடு, ராக்கெட் நரம்பு எல்லாம் உங்க செலவு. இந்த மட்டத்துல ரெண்டு மூணு வருஷம் தாக்குப் பிடிச்சாதான் அடுத்த படி.

சரி, இந்த 15 ஆயிரம் டாலர் போட்டி உலகத்துலயே அதிகமா நடக்கற இடங்கள்ல ஒண்ணு எது தெரியுமா? துனிசியாவுல மொனாஸ்டிர். கடலோர ஊரு. வருஷம் முழுக்க வாரா வாரம் போட்டி. ஜபேர் பொறந்த க்ஸார் ஹெலால் அந்த மாவட்டம்தான். நம்ம இந்தியப் பொண்ணுங்க புள்ளி தேடி அந்த மொனாஸ்டிருக்குத்தான் டிக்கெட் போட்டுப் போறாங்க! உள்ளூர் துனிசியாப் பொண்ணு வீட்டுல சாப்பிட்டுட்டு பஸ் ஏறிப் போய் ஆடற போட்டிக்கு, நம்ம பொண்ணு அப்பாவோட பி.எஃப். பணத்தை எடுத்துட்டுப் போகணும்.

ரெண்டாவது, பள்ளிக்கூடம். ஜபேர் பன்னெண்டு வயசு வாக்குல தலைநகர் துனிஸ்ல எல் மென்சாங்கற இடத்துல இருக்கற அரசு விளையாட்டுப் பள்ளியில சேர்ந்தாங்க. படிப்பும் பயிற்சியும் ஒரே கூரைக்குக் கீழ. முதல் பெண் செலிமா ஊரை விட்டுப் போய்த்தான் கத்துக்க முடிஞ்சுது. ரெண்டாவது பெண் ஜபேர் ஜூனியர் பட்டம் வாங்கற வரைக்கும் பெரும்பாலும் சொந்த நாட்டுலயே வளர முடிஞ்சுது. உச்சத்துல இருந்தப்ப கோச் இசாம் ஜெல்லாலி துனிசியாக்காரர். ஃபிட்னஸ் பார்த்துக்கிட்ட கணவர் கரீம் கமூனும் அப்படியே. முதல் ஆளுக்கும் ரெண்டாவது ஆளுக்கும் நடுவுல ஒரு நாடு செய்ய வேண்டிய வேலைன்னா இதுதான்னு நான் சொல்ல வர்றேன்.

நாம என்ன செஞ்சோம்? தமிழ்நாட்டுல டென்னிஸ் இல்லாம இல்ல. ராமநாதன் கிருஷ்ணன் 1960லயும் 1961லயும் விம்பிள்டன் அரை இறுதி. அப்புறம் ரமேஷ் கிருஷ்ணன், அமிர்தராஜ் சகோதரர்கள். 1985ல சென்னையில பிரிட்டானியா அமிர்தராஜ் அகாடமி, அங்கேருந்துதான் லியாண்டர் பயஸ். 1997லேருந்து 2017 வரைக்கும் வருஷா வருஷம் நுங்கம்பாக்கத்துல ஆண்கள் சென்னை ஓப்பன். இந்த வரிசையில பொண்ணு பேர் எத்தனை வந்துச்சுன்னு எண்ணிக்கோங்க. சென்னையில பெண்கள் டபிள்யூ.டி.ஏ. போட்டி முதல்ல நடந்தது 2022 செப்டம்பர்ல. அப்புறம் ரெண்டு வருஷம் காணோம். 2025ல திரும்ப வந்தது. நல்ல விஷயம், வரவேற்கிறேன். ஆனா வருஷத்துக்கு ஒரு பெரிய போட்டியில நம்ம பொண்ணுங்களுக்கு வைல்டு கார்டு குடுக்கறது கல்யாணப் பந்தியில ஒரு நாள் சோறு போடற மாதிரி. மீதி 51 வாரம் என்ன பண்றது? எனக்குக் கேட்டா அந்த ஒரு பெரிய போட்டியோட, கோயம்புத்தூர், மதுரை, திருச்சி, பாண்டிச்சேரின்னு மாத்தி மாத்தி வருஷத்துக்கு இருபது 15 ஆயிரம் டாலர் போட்டி வச்சா போதும். டிவியில காட்ட வேண்டாம். மந்திரி வர வேண்டாம். பொண்ணுங்க ராத்திரி ரயில் புடிச்சுப் போய் ஆடிட்டு வந்துடும்.

"ஒரே ஒரு ஜபேரை வச்சு துனிசியாவை ஓவரா தூக்கறியே, அங்கயும் அவங்களுக்கு அப்புறம் யாரு?"ன்னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்வி. அடுத்த பத்து வருஷத்துல அவங்களும் அதுக்குப் பதில் சொல்லியாகணும். ஆனா அவங்க பாக்கி ரெண்டாவது ஆளுக்கு அப்புறம். நம்ம பாக்கி முதல் ஆள்லேருந்தே நிக்குது.

*

இப்ப தங்கச்சி கதை.

அவ எட்டு வயசுலேருந்து ஆடினா. காரைக்கால்ல ஒரு இடத்துல கோர்ட் இருந்தது. பேர் வேணாம். மழை பெஞ்சா நாலு நாள் குளம். நெட் நடுவுல தொங்கும். கோச்சுன்னு இருந்தவர் நல்ல மனுஷன், ஆனா அவருக்கு வேற வேலையும் இருந்தது. அப்பா டிவிஎஸ்ல வச்சு சாயங்காலம் கூட்டிட்டுப் போவார். பதினஞ்சு வயசுல புதுச்சேரி அளவுல ஒரு பள்ளிப் போட்டியில அரை இறுதி வரைக்கும் வந்தா.

எங்க ஊருக்கு ஒரு விசேஷம் இருக்கு. சுத்தி எந்தப் பக்கம் போனாலும் தமிழ்நாடு. ஆனா எங்க அரசாங்கம் புதுச்சேரி, சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி, நடுவுல தமிழ்நாட்டைத் தாண்டிப் போகணும். தமிழ்நாட்டு விளையாட்டு ஆணையத்தோட விடுதி, உதவித்தொகையெல்லாம் தமிழ்நாட்டுப் பிள்ளைங்களுக்கு. எங்க பிள்ளைங்க ஒரு செலக்ஷனுக்குப் போகணும்னா விடியக்காலம் நாலு மணிக்கு பஸ் ஏறணும். அப்பா ஏழெட்டு தரம் கூட்டிட்டுப் போனார். அதுக்கு மேல முடியல.

பத்தாவது ரிசல்ட் வந்துச்சு. மார்க் நல்ல மார்க். வீட்டுல பஞ்சாயத்து. அப்ப நான் இன்ஜினியரிங் மூணாவது வருஷம். லீவுக்கு வந்திருந்தேன். பெரிய அறிவாளி நெனப்பு. "டென்னிஸ் சோறு போடுமா? இந்தியாவுல எத்தனை பேர் இதுல பொழைக்கிறாங்க? ப்ளஸ் ஒன்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் எடு"ன்னு சொன்னது நான்தான். அப்பா தயங்கினார். நான் சொன்னதுனால முடிவாச்சு. அவ ஒண்ணும் பேசல. ராக்கெட்டைப் பழைய தலையணை உறையில போட்டு பரண் மேல வச்சுட்டா. இப்ப சென்னையில ஒரு கம்பெனியில டெஸ்டிங் பண்றா. நல்ல சம்பளம். "நான் சொன்னது சரியாப் போச்சு பாத்தியா"ன்னு ரெண்டு மூணு தரம் சொல்லியிருக்கேன் வேற. அதை நினைச்சா இப்ப கூசுது.

நான் சொன்னது முழுத் தப்பும் இல்ல. மேல போட்ட கணக்கைப் பாருங்க, எங்க வீட்டு வருமானத்துக்கு அது தாங்கியிருக்காது. ஆனா படிப்பா டென்னிஸான்னு ஒரு கேள்வியை நானே உண்டாக்கினேன் பாருங்க, அதுதான் தப்பு. எகிப்தோட மயார் ஷெரிஃப் அமெரிக்காவுல பெப்பர்டைன் பல்கலைக்கழகத்துல படிச்சுக்கிட்டே ஆடினவங்க. 2022ல பார்மாவுல பட்டம், எகிப்துக்கு முதல் டபிள்யூ.டி.ஏ. பட்டம். 2023ல தரவரிசை 31. 2025 சென்னை ஓப்பன்ல ஜெயிச்ச இந்தோனேசியாவோட ஜேனிஸ் ஜென்னும் அதே பெப்பர்டைன்ல படிச்சு ஆடினவங்கதான். நுங்கம்பாக்கத்துல அந்தப் பொண்ணு கோப்பையைத் தூக்கினதை என் தங்கச்சி கேலரியில உட்கார்ந்து பார்த்தா. ராத்திரி போன் பண்ணி, "அண்ணே, இவங்க டிகிரி முடிச்சவங்களாம்"னு மட்டும் சொன்னா. குத்திக் காட்டல. சும்மா தகவல் சொல்ற மாதிரிதான் சொன்னா. எனக்குத்தான் என்ன பதில் சொல்றதுன்னு தெரியல. "ம்"னு சொல்லி வச்சுட்டேன்.

காலேஜ் டென்னிஸ் ஸ்காலர்ஷிப்னு ஒண்ணு இருக்கறது எங்க தெருவுல யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. நிருபமா மாதிரி போயிட்டு வந்த ஒருத்தங்க வருஷத்துக்கு ஒரு தரம் நாலு மாவட்டத்துல வந்து பேசியிருந்தா, ஒரு அப்பாவுக்காவது தெரிஞ்சிருக்கும். பேசக் கூப்பிட நமக்குத்தான் தோணல. 1998ல கைதட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டோம்.

*

நம்பிக்கை இல்லாம முடிக்க மனசு வரல. மாயா ராஜேஸ்வரன் ரேவதின்னு ஒரு பொண்ணு. 2009ல பொறந்தது. ஊரு எது தெரியுமா? கோயம்புத்தூர்! 2025 பிப்ரவரியில மும்பை டபிள்யூ.டி.ஏ. 125 போட்டியில, பதினஞ்சு வயசுல, தகுதிச் சுற்றுலேருந்து ஆடி அரை இறுதி வரைக்கும் போச்சு. இப்ப ஸ்பெயின்ல ரஃபேல் நடால் அகாடமியில பயிற்சி. சந்தோஷமா இருக்கு. கூடவே லேசா வலிக்குது. நிருபமா காலத்துலயும் வெளிநாடு போகணும், இப்பவும் போகணும். அந்தப் பொண்ணு எவ்வளவு உசரம் போனாலும், "கோவைத் தமிழச்சி"ன்னு பேனர் வச்சுட்டு மறுபடி வீட்டுக்குப் போயிடாதீங்க மக்களே. அதுக்கு அடுத்து யாருன்னு அன்னைக்கே கேளுங்க.

சனி பகவான் பன்னெண்டு ராசியையும் ஒரு சுத்து சுத்தி வர சுமார் இருபத்தொன்பதரை வருஷம்னு எங்க ஊர்ல சின்னப் பிள்ளையும் சொல்லும். நிருபமா மெல்போர்ன்ல ஜெயிச்சது 1998 ஜனவரி. 2027 நடுவுல அந்தச் சுத்து முடிஞ்சுடும். அவர் தன் வேலையை ஒழுங்காத்தான் பார்த்திருக்கார், ஒரு ராசியிலயும் கூடக் குறைய உட்காரல. நாமதான் உட்கார்ந்த இடத்துலயே இருக்கோம்.

போன தடவை ஊருக்குப் போனப்ப பரண் மேலேருந்து அந்தத் தலையணை உறையை எடுத்தேன். ராக்கெட்டுல நாலு நரம்பு அறுந்திருக்கு, பிடியில சுத்தின பட்டை கையில ஒட்டுது. காரைக்கால்ல விசாரிச்சேன், நரம்பு மாத்த ஆள் இல்ல. பெங்களூர் எடுத்துட்டு வந்து குடுத்திருக்கேன். வியாழக்கிழமை கிடைக்கும். பக்கத்து வீட்டுல ரெண்டாவது படிக்கிற பாப்பா ஒண்ணு இருக்கு, செவத்துல ரப்பர் பந்தை அடிச்சுக்கிட்டே இருக்கும். பொங்கலுக்குத் தங்கச்சி வரும்போது சொல்லிப் பார்க்கணும். ஆடச் சொல்லிக் குடுப்பாளான்னு தெரியல. கேக்கற தகுதி எனக்கு இருக்கான்னும் தெரியல.

கேட்டுப் பார்க்கறேன்.

பி.கு: பெரியப்பா இந்தப் பதிவைப் படிப்பார். பெரியப்பா, அடுத்த பைனலும் சனிக்கிழமைதான் வரும். அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது :-)